வெடிமருந்துக் கப்பித்தானின் மூன்றாவது கையெழுத்து

பலேர்மோவில் சீசாப் பக்கம், பஸ் திரும்புகிற முடக்கில், கீழே குதிக்கத் தயாராக நிற்பது போலப் பலகணிகள் தொங்கும் பழைய மாளிகை ஒன்று உண்டு. அதன் முதல் மாடியில் இருந்த கப்பித்தான் இஞ்ஞாசியோ ஸ்பத்தாரோ நினைவுக் கழகத்தில் எமிலியானுஸ் என்ற, இலங்கையின் மன்னார்ப் பக்கத்து விடத்தல்தீவுக்காரன் வேலை செய்தான். கூட்டுவது, துடைப்பது, கழகத் தலைவர் பரோனேயைக் கக்கூசுக்குக் கூட்டிப்போவது, கப்பித்தானின் வெண்கலச் சிலைக்கு மீசை துலக்குவது. பெரிய வேலை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வேலைக்கு ஒரு கொன்த்ராத்தோ இருந்தது. அந்த ஒப்பந்தத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு அவனுடைய பெர்மெசோ, இத்தாலியில் தங்கும் அனுமதி, இருந்தது. பெர்மெசோவின் வாலைப் பிடித்துக்கொண்டு மன்னாரில் மனைவி அகஸ்ரீனாவும் மகள் மொனிகாவும் இருந்தார்கள். மகள் நடக்கத் தொடங்கியது, பல் விழுந்தது, முதல் நன்மை எடுத்தது எல்லாவற்றையும் அவன் கைபேசியில்தான் பார்த்தான். அவர்களைக் கூப்பிட எல்லாம் தயார். பெர்மெசோ மட்டும் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் புதுக் கொன்த்ராத்தோ வேண்டும். குடிவரவுக் கந்தோரில் வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள்.

கப்பித்தான் யார் என்று கேட்டால் கழகம் ஒரு பகல் முழுக்கச் சொல்லும். கேட்டவர் மயங்கி விழுந்தாலும் முகத்துக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு மிச்சத்தைச் சொல்லும். சுருக்கம் இதுதான். கப்பித்தான் பலேர்மோவில் பிறந்தார். பழைய அரசனின் படையில் வெடிமருந்துக் கிடங்கின் பூட்டைத் திறக்கும் திறப்பை வைத்திருந்தார். அந்த அரசனைக் கவிழ்க்கச் செஞ்சட்டைப் படை வந்து இறங்கிய அன்று திறப்பைத் தேடிக்கொண்டிருந்தபடியால் சண்டையில் கலந்துகொள்ள அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. கைதாகிக் கப்பலேறி நியூ ஓர்லியன்சில் போய் இறங்கினார். அங்கே அமெரிக்காவின் தென்மாநிலங்கள், மனிதரை விலைக்கு வாங்கி வேலை வாங்குகிற தங்கள் பழக்கத்துக்கு ஆபத்து வந்துவிட்டதென்று தனிநாடு பிரகடனம் செய்து, வடக்கோடு சண்டைக்கு நின்றன. அந்தப் படைக்குத் துவக்கும் குண்டும் மருந்தும் அளந்து கொடுக்க ஓர் அதிகாரி தேவைப்பட்டது. "திறப்பு வைத்திருந்த அனுபவம் உண்டா?" என்று கேட்டார்கள். உண்டு என்றார். சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுவிட்டார்கள்.

போரின் நடுவில் வெடியுப்புக்குப் பஞ்சம் வந்தது. மூத்திரத்தைப் பதப்படுத்தினால் வெடியுப்பு எடுக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். கப்பித்தான் பீப்பா வண்டியோடு வீடு வீடாகப் போய், சீமாட்டிகளின் முன்னால் தொப்பியைக் கழற்றி, படுக்கைக்குக் கீழே இருக்கும் பாத்திரத்தை நாட்டுக்காகத் தரும்படி இரந்தார். இந்தக் காட்சி கழக மண்டபத்தில் ஒரு சுவரளவு எண்ணெய் ஓவியமாகத் தொங்கியது. கப்பித்தான் வெள்ளைக் குதிரையில் இருந்தார். சீமாட்டிகள் கண் கலங்கி நின்றார்கள். பீப்பா இருக்க வேண்டிய இடத்தில் ஓவியர் விடியற்கால மூடுபனி போட்டிருந்தார்.

ஆனால் கழகம் கண்ணில் நீர் வைத்துச் சொல்வது வேறு கதை. மலை ஒன்றில் தென்படையின் பீரங்கி அணி சுற்றி வளைக்கப்பட்டுவிட்டது. குண்டு முடிந்தது. குதிரைக்காரன் ஒருவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடங்குக்கு வந்து குண்டு கேட்டான். கேட்புச் சீட்டில் இரண்டு கையெழுத்துத்தான் இருந்தது, மூன்றாவது இல்லை. கப்பித்தான் அவனைத் திருப்பி அனுப்பினார். அவன் போய்ச் சேர்ந்தபோது மூன்றாவது கையெழுத்துப் போட வேண்டிய தளபதி செத்துக் கிடந்தார். திரும்பி வந்து அழுதான். "தளபதி இறந்துவிட்டார் என்பதற்குத் தளபதியிடமிருந்து ஒரு கடிதம் கொண்டுவா" என்றார் கப்பித்தான்.

"மலை போனது!" என்று கழகச் செயலாளர் வக்கீல் லா மந்தியா ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் மேசையில் அடிப்பார். "அணி போனது! போரே போனது! ஆனால், பெரியோர்களே, ஒரு குண்டு, ஒரேயொரு குண்டுகூடக் கையெழுத்தில்லாமல் போகவில்லை!"

கிழவர்கள் எழுந்து நின்று கை தட்டுவார்கள். பரோனே விம்முவார். எமிலியானுஸ் கைலேஞ்சி கொடுப்பான்.

அந்த வாரம் திங்கட்கிழமையே அவன் வக்கீலிடம் போய் நின்றான்.

"அவ்வொக்காத்தோ, வெள்ளிக்கிழமைக்குக் கொன்த்ராத்தோ வேணும். பரோனே ஒப்பம் போட்டிட்டார். நீங்களும் போட்டிட்டால்..."

லா மந்தியா அழகாக, வால் நீட்டிக் கையெழுத்துப் போட்டார். பிறகு கடதாசியைத் திருப்பித் தராமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"மூன்றாவது?"

"எது மூண்டாவது?"

"கழக யாப்பு விதி, மகனே. தலைவர், செயலாளர், வெடிமருந்து அதிகாரி. மூவர் ஒப்பமின்றி இந்தக் கட்டடத்திலிருந்து ஒரு குண்டூசியும் வெளியே போகாது."

"வெடிமருந்து அதிகாரி ஆர்?"

வக்கீல் எழுந்து நின்று சிலையைக் காட்டினார்.

"அவர் செத்துப்போனாரே, அவ்வொக்காத்தோ!"

"இறந்தார். பதவி விலகவில்லை."

"முந்தினமுறை போட்டனீங்கள்தானே? மூண்டு கையெழுத்தும் இருந்ததே?"

"அன்று கொமந்தாத்தோரே பட்டம் பெற்ற அங்கத்தவர் ஒருவர், இப்போது காலஞ்சென்றவர், கப்பித்தானுக்காகத் தானே போட்டுவிட்டார். அது பெரும் முறைகேடு என்று அவருடைய அடக்கத்தன்றே தீர்மானம் நிறைவேற்றினோம். பெட்டியை மூடுவதற்கு முன்னால் அவருக்கு வாசித்தும் காட்டினோம்."

ஆனாலும் கழகம் இரக்கமில்லாத கழகம் அல்ல. செவ்வாய்க்கிழமை அவசரக் கூட்டம் கூடினார்கள். முதல் அலுவலாக, கப்பித்தானின் வெடியுப்புச் சேகரிப்பை நினைவுகூரும் ஊர்வலம் அன்று பின்னேரமே வருவதால், அதை முடித்துவிட்டுத்தான் வேறு பேச்சு என்று முடிவானது. ஊர்வலம் என்றால் சீசாத் தெருக்களில் ஒரு பீப்பாவைத் தள்ளிக்கொண்டு போவது. அங்கத்தவர் ஒவ்வொருவரும் பீப்பாவுக்குத் தங்கள் பங்கைச் செலுத்த வேண்டும். எல்லாருக்கும் எண்பதுக்கு மேல். அரைவாசிப் பேருக்கு அந்த விஷயத்தில் வைத்தியருக்கும் தீராத தடை, மீதிப் பேருக்குத் தடையே இல்லை. பீப்பாவைத் தள்ளியது எமிலியானுஸ். காய்கறிக் கடைக்காரர்கள் மூக்கைப் பொத்தினார்கள். "கொன்த்ராத்தோ, கொன்த்ராத்தோ" என்று செபமாலை உருட்டுகிற மாதிரிச் சொல்லிக்கொண்டே அவன் ஏற்றத்தில் தள்ளினான்.

புதன்கிழமை கப்பித்தானிடமே விண்ணப்பம் வைத்தார்கள். கொன்த்ராத்தோவைச் சிலைக்கு முன்னால் விரித்து, மைக்கூடும் இறகுப் பேனாவும் வைத்து, சாம்பல் கோட்டோடு அனைவரும் விறைத்து நின்றார்கள். அரை மணித்தியாலம் போனது. ஒருவர் விறைத்தபடியே சாய்ந்தார். பரோனே குறட்டை விட்டார். கடைசியில் லா மந்தியா தொண்டையைச் செருமி, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வாசித்தார்:

"விண்ணப்பம் கப்பித்தானின் பரிசீலனையில் உள்ளது."

எமிலியானுஸ் படிக்கட்டில் போயிருந்து கைபேசியில் அகஸ்ரீனாவுக்கு எடுத்தான்.

"இஞ்சருங்கோ, ஏன் குரல் இப்பிடிக் கிடக்கு?"

"கப்பித்தான் கையெழுத்து வைக்கிறாரில்லையப்பா."

"ஆரந்தக் கப்பித்தான்? போய்க் காலில விழுங்கோ."

"கால் இல்லை. நெஞ்சு வரைக்கும்தான் செய்திருக்கினம்."

நடந்ததை முழுக்கச் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "பேர் என்னெண்டு சொன்னனீங்கள்?" என்றாள்.

"இஞ்ஞாசியோ."

"இன்னாசியாரோ? ஐயோ, மடையன் மாதிரி நிண்டு கதைக்கிறீங்கள்! இன்னாசியார் முந்திப் பட்டாளக்காரன்தானே? காலில குண்டு பட்டு, பிறகெல்லோ புனிதரானவர். அதுதான் உங்கடை சிலைக்குக் காலில்லை!"

"அது வேறை ஆள், அகஸ்ரீனா. இவர் மூத்திரம் சேர்த்தவர்."

"புனிதர்மார் தாழ்மைக்காக என்னென்னவெல்லாம் செய்தவை. உங்களுக்கென்ன தெரியும்? மெழுகுதிரி ஒண்டு கொளுத்தி, பூமாலை போட்டு, நேர்த்தி வையுங்கோ. நான் இஞ்சை ஒருநேரம் மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி பிடிக்கிறன். பிள்ளையும் பிடிக்கிறாளாம்."

தண்ணீரில் தாழ்கிறவன் பலகையா முதலையா என்று பார்ப்பதில்லை. எமிலியானுஸ் மாலை வாங்கிப் போட்டான். மெழுகுதிரி கொளுத்தினான். முழந்தாளில் நின்று, "ஐயா, நீர் ஆரோ எனக்குத் தெரியாது, ஒரு கையெழுத்து" என்று மன்றாடினான்.

மேல்மாடிச் சிஞ்ஞோராவம்மா வீட்டில் வேலை செய்கிற நாகபூசணி, குப்பைப் பையோடு இறங்கி வந்தவள், கதவு திறந்திருக்க எட்டிப் பார்த்தாள். நல்லூர்க்காரி. வாய் அதிகம். எந்தச் சாமியையும் சும்மா விடமாட்டாள். பலேர்மோவின் காவல் புனிதை ரோசாலியா மாதாவின் மலைக்கு வருஷாவருஷம் வெறுங்காலோடு ஏறுகிறவள்.

"ஆரடா தம்பி இவர்?"

"பேப்பர் அலுவல் பாக்கிறவர், அக்கா" என்றான் அழுகிற குரலில்.

அது போதும். அவள் மடியிலிருந்து கற்பூரத்தை எடுத்துவிட்டாள். வெடிமருந்து அதிகாரியின் முன்னால் நெருப்பைச் சுழற்றிக் காட்டியபடியே விசாரித்தாள்.

"எதுக்காம் சண்டை பிடிச்சவை?"

"மாநிலங்களின்ரை உரிமைக்காம்."

"என்ன உரிமை?"

"சம்பளமில்லாமல் ஆக்களை வைச்சு வேலை வாங்கிற உரிமை."

"ஓ! எங்கடை சிஞ்ஞோராவும் அந்தக் கட்சிதான்" என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அன்று பின்னேரமே, வருஷக்கணக்காக இழுபட்ட அவளுடைய தம்பியின் பெர்மெசோ வந்துவிட்டது. அது பழைய விண்ணப்பம், வருகிற நேரத்தில் வந்தது. ஆனால் நாகபூசணியின் கையில் வட்ஸ்அப் இருந்தது.

வியாழக்கிழமை காலையில் வரிசை படிக்கட்டால் இறங்கி, தெருவால் போய், பஸ் தரிப்பிடத்தைச் சுற்றி வளைந்தது. சியாகுல்லித் தோட்டங்களிலிருந்து மண்டரின் தோடம்பழக் கூடையோடு வந்தார்கள். துறைமுகத்தில் கப்பல் துடைக்கிறவர்கள் சீருடையோடு வந்தார்கள். வேதக்காரர் மெழுகுதிரியோடும் சைவக்காரர் தேங்காயோடும் வந்தார்கள். குடும்பப் பேப்பர், வீட்டுப் பேப்பர், குடியுரிமைப் பேப்பர் எல்லாவற்றின் நகல்களும் சிலையின் கழுத்தில் நூல் கட்டித் தொங்கின. பளிங்குத் தரையில் தேங்காய் சிதறியது. யாரோ கப்பித்தானின் நெற்றியில் சந்தனம் வைத்தார்கள். அவருக்கு அது பொருந்தியும் விட்டது.

எமிலியானுஸ் தலையில் கை வைத்து இருந்துவிட்டான். கையெழுத்துப் போகட்டும், இருக்கிற வேலையும் போகப்போகிறது.

பத்து மணிக்குக் கிழவர்கள் வந்தார்கள். பரோனே கூட்டத்தைப் பார்த்தார். "இத்தனை வருஷமாக," என்றார் மெல்ல, "இந்த மனிதருக்கு முன்னால் வந்து நின்றது நாங்கள் மட்டும்தான். அதுவும் விருந்து இருந்த நாட்களில்." அவருடைய கண்ணாடியில் நீர் கோத்தது.

லா மந்தியா அழவில்லை. மாநகர மானியத்துக்கு விண்ணப்பிக்கும்போது இந்த வரிசையின் படத்தை எந்தப் பக்கத்தில் ஒட்டுவது என்று மனசுக்குள் பார்த்துவிட்டு, கதிரையில் ஏறிப் பேசத் தொடங்கினார்.

"பாருங்கள்! எங்களைக் குறைகூறுவோர் கேட்பார்கள், அந்தப் படை கறுத்த மனிதரை அடக்கி வைக்கப் போராடியதே என்று. அந்தப் பொய்யர்கள் இங்கே வரட்டும்! இத்தனை கறுத்த மனிதர்கள் தாங்களாகவே வந்து மண்டியிடுகிறார்கள். நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயப்படுத்த அப்போது எவ்வளவு செலவாகியிருக்கும், யோசித்துப் பாருங்கள்!"

கிழவர்கள் கை தட்டினார்கள். மொழி விளங்காத வரிசையும் மரியாதைக்குத் தட்டியது. அந்த ஆரவாரத்தில் பரோனே கையை உயர்த்தி அறிவித்தார்: இந்த மக்கள் பெருக்கைக் கொண்டுவந்த எமிலியானுஸ், கப்பித்தானின் உயிருள்ள பிரதிநிதியாக, கடமையிலுள்ள வெடிமருந்து அதிகாரியாக நியமிக்கப்படுகிறான்.

சாம்பல் கோட்டைக் கொண்டுவந்து மாட்டினார்கள். பித்தளைப் பொத்தான்கள் ஒரு நூற்றாண்டாகப் பூட்டப்படாதவை, பூட்டியதும் இறுகிவிட்டன. வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் செய்தான். செய்து முடித்த கையோடு கேட்டான்:

"இனி மூண்டாவது கையெழுத்து நான் வைக்கலாமோ?"

"உன்னைத் தவிர வேறு யார் வைக்க முடியும்?"

எமிலியானுஸ் கொன்த்ராத்தோவை எடுத்து, இறகுப் பேனாவைத் தோய்த்து ஒப்பமிட்டான். வரிசையில் நின்ற பெண்கள் குரவை போட்டார்கள். நாகபூசணி அவன் தலையில் அரிசி எறிந்தாள். அவன் கைபேசியை எடுத்து, "வச்சாச்சு!" என்று ஒரு சொல் அனுப்பினான். விடத்தல்தீவிலிருந்து வாய் நிறையச் சிரிக்கிற மொனிகாவின் படம் வந்தது.

லா மந்தியா கடதாசியை வாங்கி வாசித்தார். புருவம் சுருங்கியது.

"இதில் ஒரு சிறு விடயம். இது ஊழியர் ஒப்பந்தம்."

"ஓம்."

"நீ அதிகாரி. அதிகாரி என்பவர் ஊழியர் அல்ல. மானத்துக்காகச் சேவை செய்பவர். நீ சத்தியம் செய்த கணத்திலேயே உன் வேலை முடிந்துவிட்டது. இல்லாத ஓர் ஊழியனுக்கு நீ வேலை கொடுத்திருக்கிறாய்." கடதாசியை நான்காகக் கிழித்தார். "பதவியேற்ற முதல் நாளிலேயே முறைகேடு. கவனம்."

"அவ்வொக்காத்தோ, நாளைக்கு வெள்ளிக்கிழமை!" என்றான் எமிலியானுஸ். "எனக்கு மனுசி பிள்ளை இருக்கு. இந்தக் கோட்டுக் கீட்டெல்லாம் வேண்டாம். பழையபடி என்னைக் கூட்டித் துடைக்க விடுங்கோ!"

"விடுகிறோமே. தாராளமாகத் துடைக்கலாம். பரோனேயையும் கூட்டிப்போகலாம். இனி அது கடமை." வக்கீல் அவன் தோளைத் தட்டினார். "மகனே, இன்று உனக்கு நாங்கள் விடுதலை தந்திருக்கிறோம். சம்பளத்திலிருந்து."

ஆனாலும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. எமிலியானுஸ் தென்மாநிலக் கூட்டின் படையில் கடமையிலுள்ள அதிகாரி என்று முத்திரை குத்திய சான்றிதழ் ஒன்று தந்தார்கள்.

வெள்ளிக்கிழமை அவன் கந்தோருக்குச் சாம்பல் கோட்டோடுதான் போனான். பொத்தான் கழலவில்லை. நாகபூசணி எண்ணெய் விட்டுப் பார்த்தாள், சவர்க்காரம் போட்டுப் பார்த்தாள், கடைசியில் "போடா, உள்ளதைச் சொல்லு" என்று அனுப்பிவிட்டாள். அது எந்தக் கந்தோர் என்பது வேண்டாம். நாட்டில் அப்படிப் பல உண்டு. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த சிஞ்ஞோரா கையை நீட்டினாள். அவனிடம் இருந்த ஒரே கடதாசியைக் கொடுத்தான்.

அவள் வாசித்தாள். கணினியில் தேடினாள்.

"நீங்கள் வேற்று நாட்டு இராணுவ அதிகாரி. இங்கே வேலைப் பெர்மெசோ தர முடியாது. உங்கள் தூதரகத்துக்குப் போங்கள்."

"அந்த நாடு இப்ப இல்லை, சிஞ்ஞோரா."

"எங்கே போனது?"

"சண்டையில தோத்துப்போச்சுது."

அவள் முதல்முறையாக நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "அப்படியானால் நீங்கள் ஏன் இந்த வரிசையில் நிற்கிறீர்கள்? தோற்றவர்களுக்கு மற்றக் கதவு."

மற்றக் கதவு தஞ்சம் கேட்கிறவர்களுக்கானது. எமிலியானுசுக்கு அது தெரிந்த கதவு. வந்த புதிதில் அங்கே இருந்து, தான் சின்ன வயசில் ஊரில் கண்ட சண்டையைச் சொன்னவன். "அங்கே எல்லாம் முடிந்துவிட்டதே, கடற்கரை நன்றாக இருக்கிறதாமே" என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். இன்று கோட்டைக் கண்டதும் கதிரை போட்டுக் கொடுத்தார்கள். தண்ணீர்கூடத் தந்தார்கள்.

"கடைசி நாட்களைச் சொல்லுங்கள், கப்பித்தான்" என்றார் அங்கிருந்த அதிகாரி, மிக மெதுவாக.

எமிலியானுசுக்குக் கப்பித்தானின் கடைசி நாட்கள் தெரியாது. கழகம் அதுவரை வாசிப்பதற்கு முன்னமே எல்லோரும் நித்திரையாகிவிடுவார்கள். அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதைச் சொன்னான். கடலுக்கும் களப்புக்கும் நடுவில் ஒரு துண்டு மணல். சீலையைத் தைத்து மண் நிரப்பின பைகள். பங்கருக்குள் தகப்பன் இருந்தபடியே செத்தது. கஞ்சி வரிசையில் குண்டு விழுந்தபிறகும் மற்ற ஆட்கள் வந்து அதே வரிசையில் நின்றது, ஏனென்றால் பசி. கை உயர்த்திக்கொண்டு தண்ணீருக்குள்ளால் நடந்தது. நடக்கும்போது திரும்பிப் பார்க்காதே என்று தாய் சொன்னது.

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டார். மொழிபெயர்க்க வந்தவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரி மூக்கைத் துடைத்தார்.

"அமெரிக்கர்கள் இவ்வளவு கொடூரமானவர்களா?" என்று சொல்லி முத்திரையைக் குத்தினார்.

எமிலியானுஸ் மூச்சு விட்டான். "என்ரை மனுசியும் பிள்ளையும் வரலாமோ?"

"நிச்சயமாக. அகதியின் குடும்பம் அல்லவா? எங்கே இருக்கிறார்கள்?"

"விடத்தல்தீவில."

"அது உங்கள் நாட்டுக்குள் இருக்கிற இடமா? வேறு நாடு என்றால் வேறு வழக்கு, வேறு வரிசை. முதலிலிருந்து தொடங்க வேண்டும்."

எமிலியானுஸ் மகளை நினைத்தான். முதலிலிருந்து என்றால், பல் எல்லாம் முளைத்துப் பெரியவளாகிவிடுவாள்.

"ஓம்," என்றான். "எங்கடை நாடுதான்."

அதிகாரி எழுதிக்கொண்டார். சான்றிதழைத் திருப்பிப் பார்த்து, இன்னும் ஒரு வரி எழுதி, கடதாசியை நீட்டினார். விசா தென்மாநிலக் கூட்டின் தலைநகரில் கொடுக்கப்படும், மனைவி நேரில் போய் எடுக்க வேண்டும்.

தெருவுக்கு வந்து, வெயிலில் கோட்டுக்குள் அவிந்துகொண்டு, அகஸ்ரீனாவுக்கு எடுத்தான்.

"கிடைச்சிட்டுதப்பா."

அந்தப் பக்கம் ஒரு சத்தம். சிரிப்பா அழுகையா தெரியவில்லை. மொனிகா துள்ளுகிற சத்தமும் கேட்டது. பிறகு அகஸ்ரீனா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எங்கை போய் எடுக்கிறது? கொழும்பிலயோ?" என்றாள்.

"இல்லை. றிச்மண்ட் எண்ட இடத்தில."

"அது எங்கையப்பா கிடக்கு?"

எமிலியானுஸ் கடதாசியைப் பார்த்தான்.

"எங்கடை நாட்டிலதானாம்."

அவள் பஸ் வழியை மனசுக்குள் போட்டுப் பார்த்தாள்.

"அப்ப மதவாச்சியில இறங்கி மாறோணுமோ, நேர பஸ் இருக்கோ எண்டு கேட்டுச் சொல்லுங்கோ. பிள்ளைக்குத் தூர ஓட்டம் எண்டால் வயித்தைப் பிரட்டிச் சத்தி வரும்."